பக்கத்துக் கட்டிலில் மணல்வாரி

என் மகளைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எழுபதுகளில் அவளுக்கு ரத்தத்தில் புற்று வந்தது உண்மை. அப்போது ஆறு வயது. மெட்ராஸில் பல மாதம் வைத்திருந்து மருந்து கொடுத்தார்கள். முடியெல்லாம் உதிர்ந்தது, ஆனால் நோய் அடங்கியது. மறுபடியும் சோறு கேட்டாள், சண்டை போட்டாள். மிச்ச ஊசிகளைத் தூத்துக்குடியிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று அனுப்பிவைத்த டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்த ஊசி போடுறப்போ உடம்புல எதிர்ப்புச் சக்தியே இருக்காது. மத்த பிள்ளைங்களுக்கு வர்ற சாதாரணக் காய்ச்சல்கூட இவளுக்கு ஆபத்து. யாரோடயும் ஒட்ட விடாதீங்க."

நான் விடவில்லை. திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்தால் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட அவளைக் கூட்டிப்போகவில்லை. "பெரிய ராணிய வளக்கா" என்று என் நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஊசிக்காகச் சேர்த்த ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு ஒரே வார்டுதான். வாந்தி எடுத்துக் களைத்து அவள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், பக்கத்துக் கட்டிலில் ஒரு பையனைக் கொண்டுவந்து போட்டார்கள். கண் சிவந்து, ஓயாமல் இருமினான். ஏரலிலிருந்து வந்திருந்த அவன் அம்மாதான் பதறிப்போய் என்னிடம் சொன்னாள்: "யக்கா, இவனுக்கு மணல்வாரி அம்மை போட்டிருக்கு. ஒங்க பிள்ளைய அங்கன தள்ளிப் போடுங்க."

நர்ஸிடம் ஓடினேன். "சிஸ்டர், அம்மை போட்ட பிள்ளைய எம்மக பக்கத்துல போட்டிருக்கிய. மெட்ராஸ்ல சொன்னத ஒங்ககிட்டயும் சொன்னேனே."

"வேற எடம் எங்கம்மா இருக்கு? மணல்வாரி வராத பிள்ளை உண்டா?"

"வராந்தா கடைசியில ஒரு ரூம் பூட்டிக் கெடக்கே?"

"அதுல ஒடஞ்ச கட்டிலெல்லாம் கெடக்கு. பெரிய டாக்டர் சொல்லாமத் தெறக்க முடியாது."

பெரிய டாக்டர் வந்ததும் அவரிடம் கேட்டேன். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றார். அவர் போனதும் கட்டிலை நானே வராந்தாவுக்கு இழுத்தேன். ஏரல்காரி மறுமுனையைப் பிடித்தாள். வாசல்வரை போவதற்குள் ஆயாக்கள் வந்து சத்தம் போட்டுப் பழைய இடத்துக்கே தள்ளினார்கள். இஷ்டமில்லை என்றால் வீட்டுக்குக் கூட்டிப் போ என்றார்கள். ஊசி பாதியில் நின்றால் நோய் திரும்பும் என்று சொன்னவர்களும் அதே ஆஸ்பத்திரிக்காரர்கள்தான்.

இரண்டு வாரம் போல ஆகியிருக்கும். அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. காதுக்குப் பின்னால் சிவப்பாகப் பொரிந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று அன்று காலையிலேயே அந்த அறையைத் திறந்துவிட்டார்கள். உடைந்த கட்டில்களை இரண்டு ஆட்கள் தூக்கி வராந்தாவில் அடுக்கினார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"இதத்தான சிஸ்டர் நான் கேட்டேன்?" என்றேன்.

அம்மை நெஞ்சுக்குள் இறங்கியது. மூச்சுக்குத் திணறினாள். தோணியில் கொழும்புக்குப் போயிருந்த அவள் அப்பா வந்து சேர்ந்தபோது கண்ணைத் திறந்து பார்த்தாள், பேச முடியவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

பெரிய டாக்டர் என் வீட்டுக்காரர் தோளில் கைவைத்து, "இந்த நோய் அப்படி. என்ன செஞ்சாலும் நிக்காது" என்றார். இவர் அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அவரக் கும்பிடாதிய" என்று கத்தினேன். "அடங்கிட்டுன்னு மெட்ராஸ்ல சொன்ன நோய் எப்ப டாக்டர் திரும்பி வந்துச்சு? எம்பிள்ளை மணல்வாரியில செத்தா. ஒடஞ்ச கட்டிலுக்குக் குடுத்த எடத்த அவளுக்குக் குடுக்கலையே!"

"துக்கத்துல பேசுறாங்க, கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வார்டுக்குப் போனார்.

அடக்கத்துக்கு ஏரல்காரி வந்திருந்தாள். அவள் பையன் பிழைத்துக்கொண்டான். கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் வெளிவாசலிலேயே நின்று அழுதாள். "எம்பிள்ளையாலதான யக்கா" என்றாள்.

"ஒம்பிள்ளை என்னளா செஞ்சான்? அவன் நோயாளி. அவன அங்கன கொண்டாந்து போட்டவங்களச் சொல்லு" என்று அதட்டி, அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.