எதிர்வீட்டுக்காரியின் வயல்

எழுபதுகளின் நடுவில் நாங்கள் வளைகுடாவில், தேரா என்ற பகுதியில் குடியிருந்தோம். கட்டடத்துக்குக் கீழே ஒரு மலையாளி மளிகைக் கடை வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் பால் பவுடர் வாங்கப் போனபோது, எங்கள் எதிர் ஃப்ளாட்டுக்குப் புதிதாக வந்திருந்த பெண் அவரிடம் எதையோ கேட்டுத் தவித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் உருண்டையாகக் குவித்துக் காட்டினாள். அவர் முட்டைக்கோஸை எடுத்தார். இல்லை என்று தலையாட்டினாள். தர்பூசணியைத் தூக்கினார். "கெலாப்பா, கெலாப்பா" என்றாள், அழாத குறையாக.

"தேங்காய் கேக்கறாங்க" என்றேன்.

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. நான் பிறந்தது மலாயாவில், ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா தோட்ட ஆபீஸில் குமாஸ்தா. நான் பெரிய பெண்ணாவதற்கு முன்பே குடும்பத்தோடு பட்டுக்கோட்டைப் பக்கம் திரும்பிவிட்டோம். மலாய் அதோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அந்தப் பெண் படியேறும்போது கேட்டதற்கெல்லாம் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னேன். மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் இந்தோனேசியாக்காரி. சுமத்ராவில் மலைக்கு நடுவே ஒரு சின்ன கிராமம். புருஷன் துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றில் மெக்கானிக். ஒரே பையன், என் சின்னவன் வயசு. என்னை 'காகா' என்று கூப்பிடுவாள். அவர்கள் பேச்சில் அது அக்கா. என் பிள்ளைகள் மூலையில் நின்று, "அம்மா, உன்னைக் காக்கான்னு கூப்பிடறாங்க" என்று சிரிப்பார்கள்.

மத்தியானங்களில் ஆண்கள் டியூட்டிக்குப் போனபின் எங்கள் சமையலறையில் அவளுக்கு ஒரு இடம் உண்டாகிவிட்டது. என் மலாய் வேறு, அவள் பேச்சு வேறு. ஆனாலும் மிளகாய் அரைப்பதற்கும் ஊர்க்கதைக்கும் அது போதும். அவள் சொன்னதை என் தமிழில்தான் எழுத முடியும்.

"எங்க ஊர்ல வீடு அம்மாவோடது. வயலும் அம்மாவோடது" என்றாள் ஒரு நாள். அவள் அப்பா செத்துப்போய்விட்டாரோ என்று நினைத்துக் கேட்டேன். "இருக்காரே, நல்லா இருக்காரு" என்றாள்.

பிறகு விளக்கினாள். கூரையின் இரு முனையும் காளைக்கொம்பு மாதிரி உயர்ந்து நிற்கும் நீளமான மரவீடு. பின்பக்கம் வரிசையாக அறைகள், ஒவ்வொரு மகளுக்கும் ஒன்று. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வயல் அம்மாவிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்வது அம்மாவின் அண்ணன் தம்பிகள். ஆனால் அவர்களும் விற்க முடியாது. யாருமே விற்க முடியாது. அடகு வைக்கலாம், அதுவும் நாலே காரணத்துக்கு. வீட்டில் பிணம் கிடந்தால், வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தால், பெரிய வீட்டின் கூரை ஒழுகினால். நாலாவது எனக்கு மறந்துவிட்டது. குடும்பப் பட்டம் சம்பந்தமாக ஏதோ.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் டீ குடிக்க வந்தபோது அவள் புருஷனிடமே கேட்டேன், இதெல்லாம் உங்களுக்குச் சம்மதமா என்று. அவர் சிரித்தார். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார்.

"எங்க ஊர்ல புருஷனை மரக்கட்டை மேல இருக்கற சாம்பல்னு சொல்லுவாங்க. ஊதினாப் போச்சு. இங்க இந்த வாடகை ரூமாவது என் பேர்ல இருக்கு."

நான் தமிழில் சொன்னதும் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். யோசித்துப் பார்த்தால், அந்த அறையில் உட்கார்ந்திருந்த நாங்கள் யாரும் காலடியில் இருந்த மண்ணில் ஒரு சாண் வாங்க முடியாது. வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே நிலம் கிடையாது. அதனாலோ என்னவோ, இருந்தவர்கள் எல்லாரும் ஓயாமல் ஊர் நிலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம்தான் அண்ணனிடமிருந்து பத்திரம் வந்தது. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர், சைட்டில் கொத்தனார் வேலை பார்ப்பவர், லீவு முடிந்து வந்தவர், அப்பளக்கட்டோடு அதையும் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணன் குடுத்தனுப்புனாங்கம்மா. இங்க கான்சுலேட்ல கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி அனுப்பணுமாம்" என்றார்.

அப்பா மலாயாவில் சம்பாதித்து வாங்கிய வீடும் வயலும். சட்டப்படி எனக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு வேண்டாம் என்று நானே மனமொப்பி எழுதிக் கொடுப்பதாக அதில் டைப் அடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் போடும் கையெழுத்துதான். என் அத்தைகள் போட்டார்கள். போடாதவளைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை.

மத்தியானம் அவள் வந்தபோது அது மேஜைமேல் கிடந்தது. என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. என் மலாய்தான் சரியில்லையோ என்று திரும்பவும் சொன்னேன்.

"புரியுது காகா. ஆனா இதுல கையெழுத்துப் போட்டுட்டு ஊருக்குப் போனா, நீ எங்க படுப்ப?"

"அண்ணன் வீட்டுல."

"அது உன் அண்ணன் பொண்டாட்டி வீடு இல்லையா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அதை இறக்கி வைக்கும் சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

கணவரிடம் பேசினேன். "உங்க அண்ணன்கிட்ட எதுக்கு வம்பு? நமக்கு என்ன குறைச்சல்? போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா இரு" என்றார். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. எனக்கு நெல் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கான்சுலேட்டுக்குப் போக வேண்டிய வாரங்களில் பிள்ளைக்குச் சளி, எனக்குத் தலைவலி என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில் எதிர் ஃப்ளாட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. கதவு திறந்தே கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் டியூட்டி உடையோடு பக்கத்தில் நின்றார். ஊரிலிருந்து தந்தி வந்திருந்தது. அவளுடைய ஒரே தங்கை பிரசவத்தில் இறந்துவிட்டாள். குழந்தை பிழைத்துவிட்டது, பெண். அதற்கு முன்னால் ஒரு பெண், மூன்று வயது.

அவளை மடியில் சாய்த்துக்கொண்டேன். அழுகை அடங்கியபின் அவள் சொன்ன முதல் வார்த்தை, "நான் போகணும்."

துக்கத்துக்குப் போய்விட்டு வருவாள் என்றுதான் நினைத்தேன். இல்லை, நிரந்தரமாகப் போகிறாள். தங்கையின் புருஷன் தன் தாய் வீட்டுக்குப் போய்விடுவார், அதுதான் வழக்கம். குழந்தைகள் அம்மா வீட்டுக்குச் சொந்தம். அம்மாவோ வயதானவள். அந்த நீள வீட்டில் அறையில் இருக்கவும் வயலில் இறங்கவும் இவளை விட்டால் வேறு மகள் இல்லை.

"குழந்தைகளை இங்க கூட்டிட்டு வந்துடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வயலைக் கூட்டிட்டு வர முடியுமா?" என்றாள். கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். "நீ நினைச்ச, அது எனக்குச் சொந்தம்னு. நான்தான் அதுக்குச் சொந்தம்."

அவள் புருஷன் அவளைத் தடுக்கவில்லை. தானும் போவதாகச் சொல்லவும் இல்லை. படகு வேலை அவர் தானாகத் தேடிக்கொண்ட வாழ்க்கை. அங்கே போனால் மாமியார் வீட்டில் மறுபடி விருந்தாளி. இரண்டு பேரும் அதைப் பற்றிச் சண்டை போட்டார்களா என்று எனக்குத் தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. ஏர்போர்ட்டில் பையன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் என் கணவரிடம், "நான் கையெழுத்துப் போடப் போறதில்லை" என்றேன்.

"அவ படற பாட்டைப் பாத்தப்பறமுமா?"

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அதற்கு மேல் விளக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு நிலம் சுகமாக இல்லை, அதைக் கண்ணால் கண்டாகிவிட்டது. ஆனால் அவளைத் தேடித் தந்தி வந்தது. அந்த வீட்டில் ஏதாவது நடந்தால் இவள் இல்லாமல் ஆகாது என்று ஒரு ஊரே நினைத்தது. என்னிடம் வந்த காகிதம், நான் இல்லாமல் எல்லாம் நடக்கும் என்று என்னையே எழுதித் தரச் சொன்னது. இதை அன்றைக்கே இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். இப்போது எழுதும்போது வார்த்தை கிடைக்கிறது.

அண்ணனுக்கு எழுதினேன். வயலை நீங்களே உழுது சாப்பிடுங்கள், ஒரு மூட்டை நெல்கூட அனுப்ப வேண்டாம். என் பெயரை மட்டும் எடுக்க வேண்டாம். பதில் வரவில்லை.

அடுத்த லீவில் ஊருக்குப் போனோம். அண்ணன் வாசலில் நின்று என் கணவரிடம் "வாங்க மாப்ளே" என்றார். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அம்மா என் முகத்தைப் பார்ப்பதும் அண்ணன் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் பிள்ளைகளிடமே பேசினார்கள். இரண்டு நாளில் என் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன்.

கொல்லையில் நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து பக்கத்தில் குந்தினாள். என்மேல் அதிகக் கோபம் அவளுக்குத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"பாப்பா, நீ எதுக்குப் போடலைன்னு எனக்குத் தெரியாது. ஆனா போட்டுராத."

அலசிய துணியை வாளியில் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"உங்க அண்ணன் வீட்டையும் வயலையும் வித்துட்டு, அவரு கூட்டாளியோட சேந்து தஞ்சாவூர்ல லாரி வாங்கி விடறதா இருந்தாரு. பத்திரம் அதுக்குத்தான். வாங்க வந்தவன் உன் கையெழுத்து இல்லைன்னதும் பின்வாங்கிட்டான். அந்தக் கூட்டாளி வேற ஆளோட சேந்து லாரி வாங்கினான். ஆறு மாசத்துல ரெண்டு பேரும் கோர்ட்டுல நிக்கறாங்க." வாளியிலிருந்து ஒரு புடவையை எடுத்துப் பிழிய ஆரம்பித்தாள். "என் புள்ளைங்க இந்த வீட்டுலதான் இருக்குதுங்க. நான் சொன்னதா அவருகிட்ட சொல்லிராத."

சொல்லவில்லை. அண்ணன் என்னோடு பேச இன்னும் சில வருஷங்கள் ஆயின. அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோதுதான் பேசினார். பத்திரத்தைப் பற்றி அப்போதும் பேசவில்லை, பிறகும் இல்லை.

லீவு முடிந்து தேராவுக்குத் திரும்பியபோது எதிர் ஃப்ளாட்டில் பம்பாய்க்காரர்கள் குடியிருந்தார்கள். அந்தப் படகு மெக்கானிக் எங்கே போனார் என்று மளிகைக் கடைக்காரரிடம் கேட்டேன். "வேலையைக் கலாஸ் பண்ணிட்டுப் போயி சேச்சி, நாட்டுக்குத்தான்னு சொன்னாரு" என்றார். மலையாளிக்கு நாடு என்றால் சொந்த ஊர். மனைவியின் வீடா, அவர் தாயின் வீடா, அது கடைக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மனைவியிடமே போயிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.