ஆடியில் வாங்காத பெயர்

சகாயசெல்விக்கு நாற்பத்து மூன்று வயது. அதில் இருபத்தாறு வருடங்கள் மரக்காணம் உப்பளத்தில் போயின. பாத்தியில் இறங்கி, நீளக் கம்பு மாட்டிய பலகையால் உப்பை வாரி வரப்பில் ஏற்றுவது அவள் வேலை. பாதம் வெடித்துக் கிடப்பதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே எல்லாருக்கும் உள்ளதுதான். கண்தான் அவளைப் பயமுறுத்தியது. வெயிலில் மின்னும் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, இடது கண்ணில் சதை வளர்ந்து கருவிழியைத் தொட்டுவிட்டது. புதுச்சேரியில் பார்த்த டாக்டர், "ஆபரேஷன் பண்ணலாம்மா. ஆனா திரும்பவும் அதே உப்புல போய் நின்னீங்கன்னா திரும்பவும் வளரும். வேற வேலை பாத்துக்குங்க" என்றார். என்ன வேலை என்று அவர் சீட்டில் எழுதித் தரவில்லை.

அந்த வேறு வேலையை அவளே உண்டாக்கப் பார்த்தாள். அவளும் அமுதவல்லியும் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து சின்னதாக ஓர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அமுதவல்லிதான் மூத்தவள், அவள் சொன்னால் மற்றவர்கள் மறுக்கமாட்டார்கள். விளைந்த உப்பெல்லாம் மூட்டையாகச் சக்கரபாணிக்குப் போனது. அந்தப் பக்கத்தில் லாரி வைத்து உப்பை வெளியூருக்கு ஏற்றுகிறவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்ன விலைதான் விலை. சகாயசெல்வி மட்டும் கொஞ்சம் கல்லுப்பைக் கழுவிக் காயவைத்துப் பொட்டலம் கட்டி, வாரம் ஒருநாள் பஸ் ஏறி ஆரோவில் பக்கத்துக் கடை ஒன்றில் கொடுத்துவந்தாள். வருகிறவர்கள், "அந்த அக்கா கொண்டாருவாங்களே, அந்த உப்பு இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, அதற்கு 'அக்கா உப்பு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்த உப்பை வாங்கிப்போன ஜெயா சென்னையில் மூன்று அங்காடிகள் நடத்துபவள். ஆனி மாதக் கடைசியில் போன் செய்தாள்.

"மாசாமாசம் நான் எடுத்துக்கறேன்க்கா. ஒரே ஒரு விஷயம். கவர்ல வெப்சைட் அட்ரஸ் இருக்கணும். இங்க வாங்குறவங்க உடனே போன்ல அடிச்சுப் பாப்பாங்க. யாரு, எந்த ஊருன்னு தெரிஞ்சாத்தான் கையில எடுப்பாங்க."

மாதாமாதம் பொட்டலம் போவதென்றால் இரண்டு பேர் வருடம் முழுக்கக் கொட்டகைக்குள் உட்கார்ந்தே வேலை செய்யலாம். அமுதவல்லி உடனே சொல்லிவிட்டாள்: "அதுல ஒருத்தி நீதான்டி. இனிமே நீ வெயில்ல நிக்க வேணாம்."

இதைக் கேட்டு வீட்டுக்கு வந்து சகாயசெல்வி வெகுநேரம் அழுதாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையும் கம்ப்யூட்டர் சென்டருமாக வைத்திருந்த தேவாவிடம் இருவரும் போனார்கள். அன்று ஆடி மூன்று.

"பேரு இன்னா வெக்கலாம்னு யோசிச்சீங்களா?" என்றான் தேவா.

அமுதவல்லி மடித்த தாளைப் பிரித்துப் படித்தாள். "மரக்காணம் உப்பளப் பெண் தொழிலாளர் கூட்டு முயற்சிக் குழு."

"இத அடிச்சு முடிக்கறதுக்குள்ள அங்க சாம்பார் கொதிச்சு எறங்கிடும்க்கா. சின்னதா சொல்லுங்க. போன்ல ஒருதரம் சொன்னா அந்தப் பக்கம் இருக்கறவங்க திருப்பிக் கேக்காம அடிக்கணும். நம்பர், நடுவுல கோடு எதுவும் வேணாம். சனங்க வாயில ஏற்கெனவே இருக்கற பேரா இருந்தா இன்னும் நல்லது."

"அப்ப அக்கா உப்புதான்" என்றாள் சகாயசெல்வி கூச்சத்தோடு.

தேவா தட்டிப் பார்த்தான். "காலியா இருக்குது. டாட் காம், டாட் இன் ரெண்டுமே இருக்குது. உங்க பேர்லயே, உங்க நம்பர்லயே வாங்கிடுங்க. என் பேர்ல வேணாம். நாளைக்கு நான் கடையை மூடிட்டுப் போனா நீங்க தேடிக்கிட்டு நிப்பீங்க. போட்டுடலாமா?"

அமுதவல்லி சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள். "ஏம்பா, ஆடியிலயா?"

"இன்டர்நெட்டுக்கு ஏதுக்கா ஆடி ஆவணி?"

"பேரு வெக்கிறது பேரு வெக்கிறதுதான். ஆவணி பொறக்கட்டும்."

"கவரு?"

"அது இன்னிக்கே அடிக்கக் குடுத்துடலாம். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியிலயே பத்திரிகை அடிக்கிறதில்லையா? தாலியத்தான் ஆவணியில கட்டுறோம்."

"பத்திரிகை அடிச்சப்புறம் பொண்ண வேற எவனும் கட்டிக்கிட்டுப் போகமாட்டான்க்கா. இது அப்டி இல்ல. மொதல்ல வர்றவங்களுக்குத்தான் பேரு."

அமுதவல்லி எழுந்துவிட்டாள். அவளுடைய தம்பி ஓர் ஆடி மாதத்தில் புதுப் படகு இறக்கினான். படகு மட்டும் கரைக்கு வந்தது. ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் அதற்குமேல் யாரும் அவளிடம் வாதாடுவதில்லை. ஆறு பேரில் சகாயசெல்வி ஒருத்திதான் கிறிஸ்தவள். அவளுக்கு ஆடியும் ஒன்றுதான், ஆனியும் ஒன்றுதான். அதனாலேயே அவள் வாயைத் திறக்கவில்லை.

கவர்கள் பதினைந்தே நாளில் வந்து சேர்ந்தன. பளபளவென்று, நடுவில் 'அக்கா உப்பு', கீழே வெப்சைட் அட்ரஸ். பெண்கள் ஆளுக்கொன்றை முகர்ந்துகூடப் பார்த்தார்கள். மறுநாள் மூட்டை ஏற்ற வந்த சக்கரபாணி கவர்க் கட்டிலிருந்து ஒன்றை உருவினார்.

"அடேங்கப்பா! டபிள்யூ டபிள்யூ டபிள்யூவா? இனிமே நாங்கல்லாம் உங்ககிட்ட வேலை கேட்டு வரணும்போல இருக்குதே. எப்பம்மா தெறப்பு விழா?"

"ஆவணி ஒண்ணாந்தேதிண்ணே" என்றாள் அமுதவல்லி, வெள்ளந்தியாக. "அன்னிக்குத்தான் கம்ப்யூட்டர்ல பேரையே பதியப்போறோம். நீங்க அவசியம் வரணும்."

"வராமயா?" என்று சிரித்த சக்கரபாணி கவரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த மடிப்பைச் சகாயசெல்வி பார்த்தாள். அடுத்த நாள் மத்தியானம், கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தனியாகத் தேவாவின் கடைக்குப் போனாள். பெயர் அப்போதும் காலியாகத்தான் இருந்தது. தேவா மளமளவென்று அவள் பெயரையும் விலாசத்தையும் தட்டினான். அவள் போனில் ஓடிபி வந்தது.

"சொல்லுங்கக்கா."

ஆறு எண்கள். அவளுக்கு அவை தெளிவாகவே தெரிந்தன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் அமுதவல்லியின் முகமும் தெரிந்தது. நாளைக்கு ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலும், ஒருத்தி வீட்டில் ஏதாவது ஆனாலும், ஐந்து பேரும் தன்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். உனுக்கு இன்னாடி, நீ வேதக்காரி, எங்க குடி கெட்டா உனுக்கு இன்னா என்று கேட்பார்கள். வாயால் கேட்காவிட்டாலும் கண்ணால் கேட்பார்கள்.

"அக்கா, டைம் போவுது."

"வேணாம் தேவா. ஆவணியிலயே வர்றோம். இன்னும் பத்து நாள்தான?"

"உங்க இஷ்டம்" என்றான் அவன். திரையில் அவள் பெயர் எழுதியிருந்த பக்கம் மறைந்தது. நான் வந்ததைச் சொல்லாதே என்று அவனிடம் கேட்டுக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

ஆவணி ஒன்றாம் தேதி ஆறு பேரும் நல்ல புடவை உடுத்தி வந்தார்கள். அமுதவல்லி தேவாவின் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். தேவா பெயரைத் தட்டினான். மறுபடியும் தட்டினான். சிரிப்பு அவன் முகத்திலிருந்து போயிற்று.

"எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தாங்க?"

அட்ரஸைத் திறந்து காட்டினான். மலைபோல் குவித்த உப்பு, மேலே 'அக்கா உப்பு, மரக்காணம்', கீழே போன் நம்பர். அந்த நம்பர் ஆறு பேருக்கும் மனப்பாடம். மூட்டை ரெடி என்று சொல்ல வாராவாரம் அவர்கள் அடிக்கிற நம்பர்.

"டாட் காமும் போச்சு" என்றான் தேவா. ஆற்றாமையில் திரும்பி, "செல்விக்கா, அன்னிக்கே அந்த ஓடிபியச் சொல்லியிருந்தீங்கன்னா முடிஞ்சிருக்குமே" என்றான்.

அமுதவல்லி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள்.

"நீ வந்தியா?" என்றாள் அமுதவல்லி. "எங்களுக்குத் தெரியாம?"

"பயத்துல வந்தன்க்கா. ஆனா பண்ணலையே."

"அதாண்டி கேக்கறேன். திருட்டுத்தனமா வந்தவ, வந்த வேலைய முடிச்சிருக்கலாம் இல்ல? இப்ப அதுவும் கெட்டுது, இதுவும் கெட்டுது."



சக்கரபாணியின் குடோனுக்கு அமுதவல்லியும் சகாயசெல்வியும்தான் போனார்கள். அவர் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார்.

"நல்ல காரியம் எதையும் நீங்க ஆடியில தொடங்கமாட்டீங்களேண்ணே" என்றாள் அமுதவல்லி.

"நான் எங்கம்மா தொடங்கினேன்? ஆடித் தள்ளுபடின்னு ஊரே கடை கடையா ஏறி வாங்குது. நானும் ஒண்ணு வாங்கிப் போட்டேன். தொடங்குனது ஆவணியிலதான்."

"அது எங்க பேருண்ணே. எங்க கவரு."

"கவரு உங்களுது. நான் வேணாம்னா சொல்றேன்? அட்ரஸ் என்னுது. யாருனா அதை அடிச்சா என்கிட்டதான் வருவாங்க." பிறகு கொஞ்சம் இறங்கிப் பேசினார். "இன்னாத்துக்கு வம்பு? அந்தக் கவரையே நான் எடுத்துக்கறேன். ஆறு பேரும் வந்து இங்கயே பாக்கெட் போடுங்க. மழைக்காலத்துலயும் வேலை இருக்குது."

அமுதவல்லி தரையில் காறித் துப்பிவிட்டு வெளியே போனாள்.

சகாயசெல்வி கடைசியாக ஜெயாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். ஜெயா பொறுமையாகத்தான் கேட்டாள்.

"அய்யோ, எனக்குத் தெரியாதேக்கா. நீங்க அனுப்புன கவர் போட்டோவுல இருந்த அட்ரஸ அடிச்சேன். அதுல இருந்த நம்பருக்குப் போன் பண்ணா உங்க ஓனர்தான் எடுத்தாரு. நீங்கல்லாம் அவர்கிட்ட வேலை செய்யறவங்கன்னாரு. ஆர்டர் எழுதி, அட்வான்ஸும் அனுப்பிட்டேன்."

"வேற பேர்ல நாங்க கொண்டாந்தா?"

"ஒரே ஊரு உப்ப ரெண்டு பேர்ல வெச்சா சனங்க கொழம்பிடுவாங்கக்கா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருடம் வரை அவள் கண் அந்த வெயிலில் காத்திருக்காது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாத்திகள் முழுகின. நான்கு பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சக்கரபாணியின் குடோனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அமுதவல்லி போகவில்லை, இரும்பை என்கிற ஊர்ப் பக்கம் சவுக்குத் தோப்பில் மரம் கழிக்கப் போனாள். சகாயசெல்வியை வழியில் பார்த்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தாண்டிப் போனாள்.

கார்த்திகையில் சகாயசெல்வியும் குடோனுக்குப் போனாள். கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். உள்ளே நிழல்தான். டியூப் லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து, உப்பை அள்ளிக் கவரில் போட்டு, எடை பார்த்து, மெஷினில் வாயை ஒட்டவேண்டும். கட்டுக் கட்டாக அவளே எண்ணி வாங்கிய கவர்கள்.

இரண்டாம் வாரம் சக்கரபாணி ஒரு கேமராக்காரனோடு வந்தார்.

"செல்வி, எழுந்திரு. வெப்சைட்டுல போட ஒரு போட்டோ வேணுமாம். யாரு அந்த அக்கான்னு சென்னையில கேக்கறாங்களாம்."

"நான் வேணாங்கண்ணே. வேற யாரயாவது எடுங்க."

"ஆரோவில் கடைக்காரங்க, ஜெயாம்மா எல்லாரும் உன்னத்தான பாத்திருக்காங்க? வேற ஆள நிறுத்துனா சிரிப்பாங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "இல்லன்னா பரவால்ல. வெளிய வெயில்ல உப்பு அம்பாரத்து மேல தார்ப்பாய் இழுத்துக் கட்ட ஆள் பத்தல. நாளையிலேர்ந்து நீ அங்க போ."

சகாயசெல்வி கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கேமராக்காரன் அவள் கையில் ஒரு பாக்கெட்டைக் கொடுத்து, நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னான்.

"கண்ணாடியக் கழட்டிடுங்கக்கா. மொகம் தெரியணும்."

கழற்றினாள்.

"கொஞ்சம் சிரிங்க."

மூன்று தடவை எடுத்தான். மூன்றாவது சரியாக வந்ததென்று சக்கரபாணி சொன்னார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து, பாதியில் விட்ட கவரின் வாயை ஒட்டினாள்.