என் நம்பருக்கு வந்த கடைசி ஓ.டி.பி.

அரிசிப் பானையின் எவர்சில்வர் மூடிமேல் வைத்தால்தான் என் பழைய பட்டன் போனுக்கு சிக்னல் கிடைக்கும். மெசேஜ் வந்தால் அந்த மூடி கிர்ரென்று அதிரும். கொல்லையில் நின்றாலும் எனக்குக் கேட்டுவிடும்… ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடி வருவேன்.

நம்பரைப் பார்த்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன். அதற்குள் சென்னையிலிருந்து பேத்தி கயல்விழி கூப்பிடுவாள்.

“அப்பத்தா, வந்துருச்சா?”

“வந்துருச்சு ஆத்தா. சொல்றேன், போட்டுக்க.”

பேங்க்கில் ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லாதீங்க என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் வேறு யாருக்கும் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான்… ஆனால் நான் சொன்ன நம்பர் ஒருநாளும் தப்பியதில்லை.

இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். மகனும் மருமகளும் துபாயில் இருந்த காலத்தில், கயல் இங்கே ஆவுடையார்கோவிலில் என்னோடு இருந்துதான் காலேஜ் போனாள். அப்போது லேப்டாப்பில் என்னமோ எழுதிக்கொண்டே இருப்பாள். தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்க ஒன்று, பழைய எழுத்துருவில் அடித்ததை இப்போதைய எழுத்துக்கு மாற்ற ஒன்று என்று சின்னச் சின்னதாகச் சில மென்பொருள் பேக்கேஜ்கள். ஓப்பன் சோர்ஸ் என்பார்களே, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம். நெட்டில் அதைப் போட்டுவைக்கிற இடத்தில் ஒரு போன் நம்பர் கேட்டார்கள். அவளிடம் அப்போது போன் இல்லை. என் நம்பரைக் கொடுத்தாள்.

பிறகு வேலைக்குப் போய் நல்ல போன் வாங்கியும் அவள் அதை மாற்றவில்லை. “ஒன் நம்பருதான் ராசி அப்பத்தா” என்பாள். அவள் எதையாவது சரிசெய்து புதிதாக வெளியிடும்போதெல்லாம் எங்கள் அரிசிப் பானை அதிரும். எங்கெங்கேயோ இருக்கிற பள்ளிக்கூடம், நூலகம், பத்திரிகை எல்லாம் அதை எடுத்துப் புழங்குகிறார்கள் என்று சொல்வாள். பக்கத்து வீட்டில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் சும்மா கொடுத்தாலும் கேள்வி வரத்தான் செய்தது. இது ஓடவில்லை, அது உடைந்துவிட்டது, ஏன் இன்னும் சரிபண்ணவில்லை என்று… கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளையோடு இங்கே வந்து இருந்தபோதும் விடவில்லை. பி.பி. ஏறியிருக்கிறது, ஓய்வில்தான் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவளோ ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு லேப்டாப்பைத் தட்டுவாள். எனக்கு அடுப்படியில் இருப்புக்கொள்ளாது. எட்டி எட்டிப் பார்ப்பேன்.

ஒருநாள் அவளே சொன்னாள். “ஒரு டீம் கேக்குறாங்க அப்பத்தா. எல்லாத்தையும் அவங்ககிட்ட ஒப்படைச்சிரப் போறேன்.”

எனக்கு மனசு கேட்கவில்லை. “ஒத்தையாளா வளத்ததை ஊராருக்குத் தூக்கிக் குடுக்குறியே புள்ள?”

“ஊராருக்குத்தானே அப்பத்தா எழுதுனேன்.”

“ஒரு ஆளுன்னா பொறுப்பாப் பாப்பாக. நாலு பேருன்னா, அவுக பாப்பாகன்னு இவுக இருந்துருவாக.”

அவள் சிரித்தாளே தவிர, மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒப்படைக்கிற அன்று சாயங்காலம் லேப்டாப்பில் அந்த டீம் ஆட்களின் முகங்கள் தெரிந்தன. கோயம்புத்தூரில் ஒரு பெண், யாழ்ப்பாணத்தில் ஒரு பையன், இன்னும் சிலர். பேசிப் பேசி ஒவ்வொன்றாக மாற்றினார்கள். கடைசியாக என் நம்பரை எடுக்க வேண்டும். அதை எடுக்கவும் அதே நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வருமாம்.

வரவில்லை.

திரும்ப அனுப்பச் சொன்னாள். வரவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன், மாடிக்குப் போனேன், இறங்கி வந்தேன். இவள் முகம் சிவந்துகொண்டே வந்தது. பி.பி. என்ன ஆகுமோ என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அது வராவிட்டால் ஒப்படைப்பு முடியாது, இவளுக்கு ஓய்வும் கிடையாது.

துபாயிலிருந்து திரும்பி ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி பார்க்கிற என் மகனைப் புதுப் போனில் கூப்பிட்டேன். ரீசார்ஜ் எல்லாம் அவன் பொறுப்பு.

“அந்தப் பழைய நம்பருக்கா ஆத்தா? ஒனக்குத்தான் புதுப் போனு வாங்கிக் குடுத்துட்டேனே, அது சும்மாதானே கெடக்குன்னு போன மாசமே விட்டுட்டேன்.”

“விட்டுட்டியா? இங்கிட்டு ஒம் மக கெடந்து தவிக்கிறா. இப்பப் போடுடா.”

போட்டான். காத்திருந்தோம். கயல் என்னைப் பார்த்தாள்.

“பாத்தியா அப்பத்தா… அப்பா ஒரு ஆளு விட்டாரு, அம்புட்டும் நின்னுபோச்சு. இதுக்குத்தான் டீமு வேணுங்கிறது.”

நான் தண்ணீர் குடிக்கப் போனேன். அப்போதுதான் மெசேஜ் வந்தது. அவசரத்தில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி நம்பரைச் சத்தமாகப் படித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்துப் பையன், “அம்மம்மா, இனி நாங்கள் பாத்துக்கொள்ளுறம். நீங்கள் நிம்மதியா இருங்கோ” என்றான்.

இருக்கச் சொன்னால் இருந்துவிட முடிகிறதா…

கொள்ளுப்பேரன் நல்லபடியாகப் பிறந்தான். கயல் அவனைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டாள். நேற்று பேசும்போது கேட்டேன். “நம்ம பேக்கேஜெல்லாம் எப்புடி இருக்காம்?”

“நல்லாருக்காம் அப்பத்தா. புதுசு ஒண்ணு விட்டாங்களாம். எனக்கே மத்தவங்க சொல்லித்தான் தெரியும்.”

அவள் குரலில் வருத்தம் இல்லை. தூங்கி எழுந்த குரல். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நான்தான் உட்கார முடியாமல், வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே பேசினேன்.

அந்த நாளில் நம்பர் கிடைத்ததும் போனை டக்கென்று வைத்துவிடுவாள். நேற்று கேட்பதற்கு எதுவும் இல்லாமல் நான்தான் வைக்கப் போனேன்.

“அதுக்குள்ள வைக்காத அப்பத்தா” என்றாள். “எனக்கு இப்ப ஒரு வேலையும் இல்ல.”