என் பலகைக்கு ஒரு ரிஜெக்ட் டேக்

இன்று காலை ஷிப்ட் பஸ்ஸில் என் மானம் போனது. போக வேண்டியதுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். கம்ப்யூட்டரில் வரைந்தபடி மரத்தைச் செதுக்கும் குட்டி சிஎன்சி மெஷின் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் சாவி மாட்டும் பலகை ஒன்று செய்தேன். ஸ்க்ரூ நுழையச் சின்ன ஓட்டை. அதன் தலை உட்கார, அதே இடத்தில் பெரிய வட்டப் பள்ளம். ஆனால் நான்கு ஓட்டைகளும் பள்ளத்தின் நடுவில் வராமல் ஓரத்தைக் கடித்துக்கொண்டு நின்றன.

மெஷினைத் திட்டினேன். மரத்தைத் திட்டினேன். கம்பெனியில் யாரிடமாவது காட்டலாம் என்று பலகையோடு பஸ் ஏறினேன்.

மணிமங்கலத்தில் ஏறிய செல்வி பக்கத்தில் உட்கார்ந்தார். தகட்டில் ஓட்டை அடிக்கும் பிரஸ் லைன் ஆபரேட்டர். ஓட்டை அரை மில்லி தள்ளியிருக்கிறது என்று நேற்றுதான் அவருடைய ட்ரே முழுவதையும் ரிஜெக்ட் செய்திருந்தேன். குவாலிட்டியில் என் வேலையே அதுதான்.

"இன்னா சார், பலகையெல்லாம் தூக்கினு வர்றீங்க?"

போனில் டிசைனைக் காட்டினேன். "ரெண்டு வட்டமும் எங்க வரணும்னு ஒரே நம்பர்தாம்மா குடுத்தேன்."

"நம்பர் சரி சார். எங்கேர்ந்து அளக்குது? நடுவுலேர்ந்தா, மூலைலேர்ந்தா?"

பார்த்தேன். வட்டத்தைச் சுற்றியிருக்கும் சதுரக் கட்டத்தின் மூலையிலிருந்து. நடுப்புள்ளிக்கு மாற்றி அதே நம்பரைப் போட்டதும், சின்ன வட்டம் பெரிய வட்டத்தின் மையத்தில் சமர்த்தாக உட்கார்ந்தது.

செல்வி சிரிக்கவில்லை. "பாக்கெட்ல சிவப்பு ரிஜெக்ட் டேக் வெச்சிருப்பீங்களே, ஒண்ணு குடுங்க சார்" என்றார். வாங்கி, பலகை ஓட்டையிலேயே கோத்துக் கட்டினார்.

"கையெழுத்து?"

போட்டேன்.

புதுப் பலகை ஞாயிற்றுக்குள் தயாராகிவிடும். இந்த டேக்கைக் கழற்றத்தான் செல்வியின் அனுமதி வேண்டுமாம். பிரஸ் லைனில் யாராவது எனக்காகப் பேசுவீர்களா?