ஒரே பக்கத்தில் அடங்கணும்!

திங்கட்கிழமை ஆபீஸுக்குள் நுழைந்ததுமே ஒரு வேலை வந்தது. கம்பெனியில் இருக்கிற அத்தனை பேரையும் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும்!

ஆட்களை இல்லை, அவர்கள் பேர் எழுதிய பெட்டிகளை. யாருக்கு மேலே யார், யாருக்குக் கீழே யார் என்று காட்டுகிற சார்ட். எக்செல் ஷீட்டில் பேர், பதவி, 'யாருக்குக் கீழே' என்று நிரப்பிக் கொடுத்தால் போதும்... சாஃப்ட்வேரே பெட்டி போட்டு, கோடு இழுத்துவிடும். அதற்கப்புறம் அதை அடக்குவதுதான் நம் தலையெழுத்து.

நான் எச்.ஆர். பிரிவில் குப்பை கொட்டுகிறவள் என்பது வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கே.ஜி.எஃப்.பில் வீடு, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஆபீஸ், நடுவில் ரயில்.

முதலில் வந்த சார்ட் பக்கவாட்டில் நீண்டுகொண்டே போனது. ஒரு பக்கத்துக்குச் சுருக்கினால் பேரெல்லாம் எறும்பு சைஸ். சரி, வரிசையாக நிற்கிறவர்களை ஒருவருக்குக் கீழ் ஒருவராகத் தொங்கவிடலாம், அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. தொங்கவிட்டேன். அகலம் குறைந்தது, நீளம் கூடியது. மவுஸால் ஒரு பெட்டியை நகர்த்தினால், சம்பந்தமே இல்லாத இன்னொரு பெட்டி கோபித்துக்கொண்டு ஓரமாகப் போனது. எங்கள் மேனேஜர் மேடம் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஒரே வசனம்: "எம்.டி.க்கு ஸ்க்ரோல் பண்ணப் பிடிக்காது. ஒன் பேஜ்!"

மறுநாள் காலை ரயிலில் பிரிண்ட்டை மடியில் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் தாஸ் அண்ணன். கே.ஜி.எஃப்.பிலேயே மைசூர் மைன்ஸ் என்கிற பகுதிக்காரர். எங்கள் கம்பெனியிலேயே ஸ்டோர்ஸில் இருக்கிறார். மகள் நர்சிங் படிக்கிறாள். அந்த வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் இவருடையது.

எட்டிப் பார்த்தவர் முகம் செத்துப்போனது.

"இன்னாம்மா இது... என் பெட்டிய மட்டும் கடைசில தொங்க வுட்டுக்கீற?"

"எடம் பத்தலண்ணா, அதான்."

"எடம் பத்தலன்னா சரி... கோடு எதுக்கு புள்ளி புள்ளியா கீது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "எங்கப்பா மைன்ஸ் சர்வே ஆபீஸ்ல மேப்பு சுருட்டி வெக்கிற வேலைல இருந்தாரு. வேலை நடக்கிற லெவல்னா முழுக் கோடு. மூடிட்ட லெவல்னா புள்ளிக் கோடு. உள்ள ஆள் இல்லன்னு அர்த்தம். மறைக்காம சொல்லும்மா... என்னை மூடப் போறாங்களா?"

சிரிப்பு வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. சுரங்கத்தின் அடுக்குகளைத்தான் எங்கள் ஊரில் லெவல் என்போம். லெவல் லெவலாக மூடி, கடைசியில் ஊரையே மூடியதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

"ஐயோ அண்ணா! ஆபீஸ்ல புள்ளிக் கோடுன்னா ரெண்டாவது பாஸ். ஸ்டோர்ஸ் மேனேஜரும் உங்களுக்கு பாஸ், ஓசூர் பிளான்ட் மேனேஜரும் பாஸ். உங்க முழுக் கோடு இதோ, இந்தப் பெட்டிக்குப் பின்னால மறைஞ்சிருக்கு. நான் இன்னைக்குச் சரி பண்ணிடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா!"

பங்காருபேட்டையில் வண்டி நின்றதும் இறங்கி ஓடி, எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். "ரெண்டு பாஸு எனக்கு! ஊட்ல சொல்லணும்" என்று ஒயிட்ஃபீல்டு வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆபீஸில் மேடம் புது ஷீட் ஒன்றை அனுப்பியிருந்தார். "இதை வெச்சுப் போடுங்க. ஃபைனல்."

போட்டேன். ஒரு பட்டனைக்கூடத் தொடவில்லை. சார்ட் தானாகவே ஒரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பெரிய எழுத்து. சுற்றிலும் தாராளமாக வெள்ளை இடம்.

நேற்று முழுக்க முட்டி மோதியும் அடங்காதது இன்றைக்கு எப்படி அடங்கும்? ஸ்டோர்ஸைத் தேடினேன். மேனேஜர் மட்டும் தனியாக நின்றார். அவருக்குக் கீழே கோடே இல்லை. புள்ளிக் கோடுகூட இல்லை.

"மேடம்... ஸ்டோர்ஸ்ல தாஸ்..."

"அடுத்த மண்டே லெட்டர் போகும். அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாது. விட்டீங்கன்னா உங்க பெட்டிக்கும் நான் கேரன்டி இல்ல."

நானோ லே-அவுட்டை மாற்றி மாற்றி ஆட்களுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரி! ஷீட்டில் வரியை அழிப்பது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தவர்கள்தான் சார்ட்டில் மேலே இருக்கிறார்கள்.

சாயங்கால ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அதற்குள் தாஸ் அண்ணன் எனக்கு சீட் பிடித்து வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, ஒரே பக்கத்துல அடங்கிச்சா?"

"அடங்கிடுச்சுண்ணா."

பொய் இல்லை. ஆனால், முழு உண்மையும் இல்லை. என் வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அந்த 'சத்தியமா' இன்னொரு பக்கம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

இதை இன்றைக்கே, செவ்வாய்க்கிழமை ராத்திரியே, பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அச்சில் வரும். மேடத்துக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அந்த ஒரு தைரியம்தான். ஆனால் தாஸ் அண்ணன் சர்ச் முடிந்து வரும்போதே பேப்பர் வாங்கி, இந்தப் பத்தியைத்தான் முதலில் படிப்பார்.

ஆக, நாளைக் காலை ரயிலை விட்டால் எனக்குத் துணிச்சல் வராது. பங்காருபேட்டை வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்... அவர் எனக்கு டீ வாங்க இறங்குவதற்கு முன்னால்.