மாமா கன்ட்ரோலில் இருந்த காலம்

அக்காவின் கணவர், எனக்கு மாமா, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். கடைத்தெருவில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது; ‘காயில்காரர்’ என்றால் வழி காட்டுவார்கள். அதே கடையில் நான் பேரிங் மாற்றுகிறேன். செம்புக் கம்பியைச் சுற்றும்போது மாமாவின் உதடு மட்டும் அசையும். அப்போது பேச்சுக் கொடுத்தால் நல்ல வார்த்தை எதுவும் பதிலாக வராது. சுற்று எண்ணிக்கை தவறினால் மோட்டார் மறுபடி புகையுமே! மற்றபடி தங்கமான மனுஷன், கொஞ்சம் வாய்தான் நீளம்.

அவருடைய அண்ணனுக்கு மறதி நோய். சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே, வீட்டுக்குப் போகணும் என்று அழுவார். பெரிய ஆஸ்பத்திரியில் அந்த நோயைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, கூடப்பிறந்தவர்களையும் பார்க்கிறார்கள் என்று மாமாவையும் அழைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள், சில வார்த்தைகளைச் சொல்லிக் கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள்.

அன்று கடைக்குத் திரும்பியவர் முகத்தில் ஈயாடவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, எனக்கும் இருக்குடா.”

“என்ன இருக்கு?”

“அண்ணனுக்கு இருக்கறதுதான். அந்த ஆராய்ச்சி டாக்டரம்மா போன்ல யார்கிட்டயோ சொன்னாங்க, நான் கேட்டேன். ‘அண்ணன் கேஸ், தம்பி கன்ட்ரோல்’னு.”

“கன்ட்ரோல்ல இருந்தா நல்லதுதானே மாமா?”

“டேய், சுகர் இருக்கறவன்கிட்டதானே சுகர் கன்ட்ரோல்ல இருக்குன்னு சொல்லுவாங்க? இல்லாதவன்கிட்ட எதுக்குடா சொல்றாங்க?”

அவர் சொன்னதில் எந்த ஓட்டையும் தெரியவில்லை. “அவங்ககிட்டயே கேட்டிருக்கலாமே” என்றேன்.

“கேட்டா சொல்லிருவாங்களேடா!”

அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அப்படித்தான் ஆனது எங்கள் பிழைப்பு. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக் கடை முழுக்கத் தேடுவது அவருக்குப் பழைய பழக்கம். இப்போது அது நடந்தாலே வியர்த்துப் போய் உட்கார்ந்துவிடுவார். பாதிச் சுற்றில் கை நிற்கும். “எண்ணிக்கை போச்சுடா” என்று மொத்தக் கம்பியையும் பிரிப்பார். ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தைகளைக் குளிக்கும்போதுகூட முணுமுணுத்தார். குடை, எலுமிச்சை, ரயில், பொத்தான்.

அக்கா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். “இந்த மனுஷன் குளிக்கறப்ப யார்கூடடா பேசறாரு? எவளாவது இருக்காளா?”

“இந்த மூஞ்சிக்கு எவ வருவா? உன் தலையெழுத்து, நீ மாட்டிக்கிட்ட” என்று சமாளித்தேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பே வரவில்லை.

ஒருநாள் மாமா சொன்னார்: “சாவுக்குப் பயமில்லடா. உங்க அக்காவைப் பாத்து, ‘யாரும்மா நீங்க’ன்னு கேட்டுருவேனோன்னுதான் பயம்.”

மறுபடி ஆஸ்பத்திரியில் கூப்பிட்டபோது நானும் போனேன். அவர் கேட்கமாட்டார் என்று தெரியும், நானே கேட்டேன். டாக்டரம்மா முதலில் சிரித்துவிட்டார். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

“ஐயோ, கன்ட்ரோல்னா அது இல்லைங்க. நோய் உள்ளவங்களோட ஒப்பிட்டுப் பாக்க, நோய் இல்லாத ஒருத்தர் வேணும்ல? அவங்களைத்தான் நாங்க கன்ட்ரோல்னு சொல்றோம். உங்களுக்கு ஒண்ணுமில்லை.”

மாமா நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அப்ப எனக்கு வராதா?” என்றார்.

“அதை இப்ப யாராலயும் உறுதியா சொல்ல முடியாதுங்க. அது தெரியணும்னுதான் இந்த ஆராய்ச்சியே.”

பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்தார். “மாப்ளே, அண்ணனுக்கு வந்தது அண்ணனுக்குத் தெரியலை. எனக்கு வந்தா எனக்கும் தெரியாது. கூடவே இருக்கறவன் நீ, உனக்குத்தான் முதல்ல தெரியும். மறைக்காம உங்க அக்காகிட்ட சொல்லிடு. சத்தியம் பண்ணு.” போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில், கேட்டதும் பண்ணிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நன்றாகத்தான் இருந்தார். வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், “நான் கன்ட்ரோல் பார்ட்டி, என்கிட்ட வெச்சுக்காதீங்க” என்று அலட்டினார். அடுத்த வருஷப் பரிசோதனையும் முடிந்தது. நானும் அவரைக் கவனிப்பதை விட்டுவிட்டேன்.

போன வாரம் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“மாப்ளே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருக்கேன். அண்ணனுக்கு வந்தது அண்ணனுக்குத் தெரியலை...”

ஒரு வார்த்தை பிசகாமல் சத்தியம் வரைக்கும் சொன்னார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். “அதான் அன்னிக்கே பஸ்ல சத்தியம் வாங்கிட்டீங்களே!”

“எந்த பஸ்ல?”

கண்ணில் குறும்பு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

“ஒண்ணுமில்லை மாமா, வேற யாரோ சொன்னதை நெனச்சு சொல்லிட்டேன்” என்று கையை நீட்டி மறுபடி சத்தியம் செய்தேன். அவர் நிம்மதியாக எழுந்து போய்க் கம்பியை எடுத்தார். உதடு அசைய ஆரம்பித்தது. நான் தெருவுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.