பதினைந்து நிமிடத்துக்கு மூக்கைக் கொடுத்தவள்

நான் இருக்கும் திருத்தணி முதியோர் இல்லத்தில், கொரோனாவால் ஒரு விதி. பார்க்க வருகிறவர்கள் மூன்று நாளுக்குள் எடுத்த சோதனைச் சீட்டோடுதான் வர வேண்டும்.

என் மகள் செல்வி அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிறாள். அமாவாசைக்குத்தான் தறிக்கு ஓய்வு. இன்று அமாவாசை. சீட்டோடு வந்துவிட்டாள்.

கேட்டில் நர்ஸம்மா, "இது எடுத்து நாலு நாளாயிடுச்சும்மா, உள்ள விட முடியாது" என்றார்.

நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன்.

"சரிங்க, இன்னொரு தபா மூக்குல குச்சி வுட்டு டெஸ்ட் எடுத்துகினு வர்றேன்" என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். மத்தியானம், கொரோனா இல்லை என்ற புதுச் சீட்டோடு வந்து நின்றாள். நர்ஸம்மாவே எழுந்துவந்து கேட்டைத் திறந்தார். எங்களுக்குப் பேசப் பதினைந்து நிமிடம் கிடைத்தது.

"மூக்கு வலிக்குதா கண்ணு?"

"தறியில பஞ்சு ஏறாத மூக்கா நைனா? உடு."

"இனிமே அலையாத. நான்தான் இங்க வந்து போன்ல எழுதக் கத்துகினேனே, அதுலயே பேசிக்கலாம்."

"ஆங்! நாலு எழுத்து வந்ததும் பொண்ணு வேணாமா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பெண்ணைப் பெற்றவர்கள் யாராவது இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஒன்றையும் விடமாட்டேன்.